ஒஃபிஸ் வெப்மெயிலுக்கு வந்த ட்ரைவ் லிங்க் திறக்க மறுக்கிறது, கண்டெய்னர் பேப்பர் எல்லாம் உள்ளே

ஐந்துலாம்புச்சந்தி (திங்கள், காலை 9:40)

வணக்கம். புறக்கோட்டையில் ஒரு கிளியரிங் ஒஃபிஸில் வாஃப் கிளார்க்காக இருக்கிறேன், துறைமுகத்தில் சரக்கை விடுவித்து எடுக்கிற வேலை. திருப்பூரிலிருந்து எங்கள் கஸ்டமருக்கு ஒரு துணிக் கண்டெய்னர் வந்து இறங்கிவிட்டது. இன்வொய்ஸ், பெக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பல் சரக்கு ரசீது) நகல் எல்லாவற்றையும் சப்ளையர் கூகுள் ட்ரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு எங்கள் ஒஃபிஸ் மின்னஞ்சலுக்கு ஷேர் பண்ணியிருக்கிறார். மெயில் ஒழுங்காக வந்திருக்கிறது. அதில் உள்ள பட்டனை அழுத்தினால் அனுமதி இல்லை, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஒரு பக்கம் வருகிறது. அந்த ரிக்வெஸ்ட் பட்டனை வெள்ளிக்கிழமையே அழுத்தியாகிவிட்டது, இன்னும் பதில் இல்லை. போன் எடுத்துக் கேட்டால் "நான் ஷேர் பண்ணிட்டேன் சார், உங்க ஐடி லிஸ்ட்ல இருக்கு பாருங்க" என்கிறார். ஸ்கிரீன்ஷொட்டும் அனுப்பினார். எங்கள் முகவரி ஒரு எழுத்தும் பிசகாமல் அப்படியே இருக்கிறது.

எங்களுடையது ஜிமெயில் இல்லை. கம்பனி டொமைனில் உள்ள மெயில், ப்ரவுசரில் வெப்மெயில் பக்கத்தைத் திறந்துதான் பார்ப்போம். அதனால்தான் இப்படி வருகிறதா? கஸ்டெக் (சுங்க அறிவிப்புப் படிவம்) போட வேண்டும், டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறத் தொடங்கினால் கஸ்டமருக்கு யார் பதில் சொல்வது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

காலிவீதி6 (திங்கள், காலை 9:52)

எதற்கு இவ்வளவு யோசனை அண்ணா. சப்ளையரிடம் ஷேர் பட்டனுக்குள் போய் "எனிவன் வித் தி லிங்க்" என்று மாற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. உடனே திறக்கும்.

அலைவரிசை (திங்கள், காலை 10:15)

அதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். அனுமதி இல்லை என்று வரும் அந்தப் பக்கத்திலேயே நீங்கள் இப்போது எந்த எக்கவுண்டில் உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒரு மின்னஞ்சல் முகவரி சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் வலது பக்கம் மேல் மூலையில் உள்ள வட்டப் படத்தைக் கிளிக் பண்ணுங்கள். அங்கே என்ன முகவரி இருக்கிறது? முகவரியை இங்கே போட வேண்டாம், அது ஒஃபிஸ் முகவரியா வேறா என்று மட்டும் சொன்னால் போதும்.

நான் பம்பலப்பிட்டியில் சின்னச் சின்ன ஒஃபிஸ்களுக்கு கொம்பியூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன். ஷேர் பண்ணியும் திறக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் முதலில் பார்க்கிற இடம் இதுதான்.

ஐந்துலாம்புச்சந்தி (திங்கள், காலை 10:31)

பார்த்தேன். ஒஃபிஸ் முகவரி இல்லை. போன வருடம் எங்களிடம் வேலை செய்துவிட்டுக் கட்டாருக்குப் போன பெடியன் ஒருவனுடைய சொந்த ஜிமெயில் இருக்கிறது! இந்த மெசின் முன்பு அவனுடையது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை போன ரிக்வெஸ்ட் அவன் பெயரிலா போயிருக்கும்?

அலைவரிசை (திங்கள், காலை 11:05)

ஆம், அவர் பெயரில்தான் போயிருக்கும். திருப்பூரில் இருப்பவருக்கு முன்பின் தெரியாத ஒரு ஜிமெயிலிலிருந்து "அனுமதி தாருங்கள்" என்று வந்திருக்கும், அவர் அதைத் தொடாமல் விட்டிருப்பார். விட்டதுதான் சரி.

கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால் இனி யார் என்ன அனுப்பினாலும் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். லிங்க் எந்த இன்பொக்ஸுக்கு வந்தது என்பதைக் கூகுள் பார்ப்பதே இல்லை. நீங்கள் வெப்மெயிலில் ஒஃபிஸ் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போனது உங்கள் மெயில் சேர்வருக்கு மட்டும்தான் தெரியும். லிங்கைக் கிளிக் பண்ணியதும் புது டாபில் கூகுள் திறக்கிறது, அந்த ப்ரவுசரில் ஏற்கெனவே எந்தக் கூகுள் எக்கவுண்ட் லொக்இன் ஆகி இருக்கிறதோ அவராகத்தான் உங்களை எடுத்துக்கொள்கிறது. உங்களுக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று: துறைமுக கேட் பாஸ் உங்கள் பெயருக்கும் அடையாள அட்டைக்கும் எழுதப்பட்டது, அதை வேறொருவர் கையில் கொடுத்து அனுப்பினால் கேட்டில் விடமாட்டார்கள் அல்லவா. லிங்க் அந்த பாஸ் மாதிரி. கையில் இருப்பது போதாது, கொண்டுபோகிற ஆள் யார் என்பதும் பொருந்த வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தப் பெடியனின் எக்கவுண்டை லொக் அவுட் பண்ணினாலும், உங்கள் ஒஃபிஸ் முகவரியில் ஒரு கூகுள் எக்கவுண்டே இல்லை போலிருக்கிறது. நிறையப் பேர் கூகுள் எக்கவுண்ட் என்றால் ஜிமெயில் என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. எந்த மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு கூகுள் எக்கவுண்ட் திறக்கலாம், புதிதாக ஒரு ஜிமெயில் எடுக்கத் தேவையில்லை. புது எக்கவுண்ட் திறக்கும் பக்கத்தில் ஜிமெயில் முகவரி தெரிவு செய்யச் சொல்லும் இடத்துக்குக் கீழே "ஏற்கெனவே உள்ள மின்னஞ்சலைப் பயன்படுத்து" என்று ஒரு வரி இருக்கும், அதை எடுங்கள். ஒஃபிஸ் முகவரியைக் கொடுங்கள். வெப்மெயிலுக்கு ஒரு கோட் வரும், அதை அடியுங்கள், முடிந்தது. உங்கள் மெயில் எங்கும் மாறாது, வழக்கம் போல வெப்மெயிலிலேயே வரும். பாஸ்வேர்டை மட்டும் வெப்மெயில் பாஸ்வேர்டுக்கு வேறாக வையுங்கள்.

க்ரோமில் இதற்கென்று தனி ப்ரொஃபைல் ஒன்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஒரே ப்ரவுசரில் பல எக்கவுண்ட் இருந்தால் முதலில் லொக்இன் ஆனதுதான் டிஃபோல்ட், வெளியிலிருந்து வரும் லிங்க் பெரும்பாலும் அதில்தான் போய் விழும். முகவரிப் பட்டையில் "யூ" போட்டு பூச்சியம், ஒன்று, இரண்டு என்று ஒரு இலக்கம் வருவதைக் கண்டிருப்பீர்கள், எத்தனையாவது எக்கவுண்ட் என்பதுதான் அது.

காலிவீதி6 (திங்கள், காலை 11:20)

அலைவரிசை சொல்வது எல்லாம் சரி, ஆனால் மனுசர் கண்டெய்னரை வைத்துக்கொண்டு நிற்கிறார். இப்போதைக்குப் பொது லிங்காக்கி எடுத்துவிட்டு, பிறகு ஆறுதலாக எக்கவுண்ட் திறக்கட்டும். ஒரு மணித்தியாலம் திறந்திருந்தால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள். லிங்க் தெரிந்தால்தானே திறக்கலாம், அந்த நீள எழுத்துகளை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது.

தெமட்டகொட நானா (திங்கள், பகல் 12:10)

தம்பி காலிவீதி, ஊகிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இந்த யாவாரத்தில் லிங்க் ஒரு இடத்தில் நிற்காது. நானும் துணி இறக்குகிறவன். சப்ளையர் அனுப்புவார், ஒஃபிஸில் யாரோ அதை வட்ஸ்அப் குரூப்பில் போடுவார், லொறிக்காரருக்குப் போகும், ஸ்டோர்ஸுக்குப் போகும். இன்வொய்ஸில் இருப்பது மீட்டருக்கு நான் கொடுத்த விலை. கெய்ஸர் வீதியில் பக்கத்துக் கடைக்காரருக்கு அந்த விலை தெரிந்தால் அடுத்த சீசனுக்கு எனக்கு யாவாரம் இல்லை. அதிலேயே சப்ளையருடைய வங்கி விபரமும் இருக்கும். ஒரு மணித்தியாலம் என்று திறந்த லிங்கைத் திரும்ப மூடின ஆளை நான் கண்டதில்லை. வேலை முடிந்ததும் மறந்துவிடுவார்கள், வருடக் கணக்காகத் திறந்தே கிடக்கும்.

அவசரம் என்றால் வேறு வழி இருக்கிறது. அந்தப் பேப்பர்களை பீ.டி.எஃப். ஆக மெயிலில் நேரடியாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒரு இன்வொய்ஸும் பெக்கிங் லிஸ்டும் எவ்வளவு பெரிதாக இருக்கப் போகிறது. ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம். அதற்கு மேலே போனால்தான் அது தானாக ட்ரைவ் லிங்காக மாறும்.

அலைவரிசை (திங்கள், பகல் 12:25)

நானா சொன்ன வழி நல்லது, இன்றைக்கு அதைச் செய்யுங்கள். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும், அனுப்புகிறவர் பக்கம் 25 என்றாலும் உங்கள் சேர்வரில் வாங்கும் அளவு அதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், அப்போது மெயில் திரும்பிப் போய்விடும். பி.எல்.ஐ கலரில் பெரிதாக ஸ்கேன் பண்ணி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஜிமெயிலுக்குள் இருந்தே ட்ரைவ் கோப்பைப் போட்டு அனுப்பினால், வாங்குகிறவருக்கு அனுமதி இல்லை என்பதை அதுவே கண்டுபிடித்து "இவருக்கு அனுமதி கொடுக்கட்டுமா" என்று அனுப்பும் முன் கேட்கும். வேறு மெயிலிலோ வட்ஸ்அப்பிலோ லிங்கைக் கொப்பி பண்ணிப் போட்டால் அந்தக் கேள்வி வராது. அனுப்பினவர் அனுப்பிவிட்டோம் என்று நினைப்பார், வாங்கினவர் கதவில் நிற்பார். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் சண்டை வருவது இதனால்தான்.

கொட்டாஞ்சேனை டீச்சர் (திங்கள், பிற்பகல் 2:40)

பொது லிங்க் பற்றிப் பேசுவதால் நானும் சொல்ல வேண்டும். ஒரு டியூஷன் நிலையத்தில் உயர்தரப் பிள்ளைகளின் விபரம் எல்லாம் ஒரு ஷீட்டில், பெயர், அடையாள அட்டை இலக்கம், அம்மா அப்பாவின் போன் நம்பர், எல்லாம் யார் வேண்டுமானாலும் திறக்கிற மாதிரி. சில டீச்சர்மாருக்குத் திறக்கவில்லை என்று ஒருவர் சொன்னதற்காகத் திறந்துவிட்டார்கள், அந்த லிங்க் பெற்றோர் குரூப்புக்கும் போய்விட்டது. அடையாள அட்டை இலக்கம் தெரிந்தாலே பிறந்த வருடம், பிறந்த நாள், ஆணா பெண்ணா எல்லாம் அதிலிருந்தே எடுக்கலாம், பழைய இலக்கமோ புதிய 12 இலக்கமோ இரண்டிலும் அது இருக்கிறது. பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளின் விபரம் அது. எனக்கு அன்றைக்கு நித்திரையே வரவில்லை. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் என்று தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கே ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறார்கள், நம் டியூஷன் நிலையங்களில் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்.

சரி, எனக்கும் ஒரு கேள்வி. பழைய கடந்தகால வினாத்தாள் ஃபோல்டர் ஒன்று, 2019இல் போட்டது, உண்மையிலேயே எல்லாருக்கும் என்று திறந்து வைத்தது. இப்போது புதிய பிள்ளைகளுக்கு அனுமதி கேட்கிறது, பழைய பிள்ளைகளுக்குத் திறக்கிறது. நான் ஒன்றையும் மாற்றவில்லை.

அலைவரிசை (திங்கள், பிற்பகல் 3:15)

டீச்சர், அது நீங்கள் மாற்றியதால் வந்தது இல்லை. 2021 செப்டெம்பர் 13இல் கூகுள் ஒரு பாதுகாப்பு மாற்றம் கொண்டு வந்தது. அதற்கு முன்னால் போட்ட சில கோப்புகளின் லிங்கோடு ஒரு கூடுதல் சாவி சேர்த்தார்கள். அதற்கு முன்பே திறந்து பார்த்தவர்களுக்குப் பழைய லிங்க் இன்னும் வேலை செய்யும், புதிதாக வருகிறவர்களுக்கு அந்தச் சாவி உள்ள புது லிங்க் வேண்டும். ஷேர் பட்டனை அழுத்தி லிங்கைத் திரும்ப ஒருதடவை கொப்பி பண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். புது லிங்கின் கடைசியில் "ரிசோர்ஸ்கீ" என்று ஒரு துண்டு இருந்தால் அதை வெட்டாமல் முழுதாகக் கொடுக்க வேண்டும்.

வினாத்தாளைப் பொதுவாகத் திறந்து வைப்பதில் ஒரு தவறும் இல்லை. பிள்ளைகளின் விபர ஷீட் வேறு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்துவிட வேண்டாம். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் இறங்கும்.

ஐந்துலாம்புச்சந்தி (திங்கள், மாலை 4:50)

எல்லோருக்கும் நன்றி. ஒஃபிஸ் முகவரியில் எக்கவுண்ட் திறந்தேன். கோட் வரவில்லை என்று நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்து, பிறகு பார்த்தால் வெப்மெயிலில் ஜங்க் ஃபோல்டருக்குள் கிடக்கிறது. இப்போது ஃபோல்டர் திறக்கிறது! இன்வொய்ஸும் பி.எல். நகலும் எடுத்துவிட்டேன்.

ஆனால் பெக்கிங் லிஸ்ட் மட்டும் இன்னும் அனுமதி கேட்கிறது. ஒரே ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது, பெயர் தெரிகிறது, கிளிக் பண்ணினால் மறுக்கிறது. இந்த முறை மேலே எங்கள் ஒஃபிஸ் முகவரிதான் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டேன். ஃபோல்டருக்குக் கொடுத்த அனுமதி உள்ளே எல்லாவற்றுக்கும் இறங்கும் என்று இப்போதுதான் டீச்சருக்குச் சொன்னீர்கள்?

அலைவரிசை (திங்கள், மாலை 5:20)

நல்ல கேள்வி. அந்தக் கோப்பின் ஐக்கனில் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது கோப்பு இல்லை, ஷோர்ட்கட். 2020இலிருந்து ட்ரைவில் ஒரு கோப்பு ஒரு ஃபோல்டரில் மட்டும்தான் இருக்கும், வேறு இடத்தில் வைக்க வேண்டுமென்றால் ஷோர்ட்கட்தான். ஃபோல்டரை ஷேர் பண்ணினால் ஷோர்ட்கட்டின் பெயர் உங்களுக்குத் தெரியும், அது காட்டுகிற உண்மையான கோப்புக்கு அனுமதி இறங்காது.

பெக்கிங் லிஸ்டை யார் தயாரிப்பார்கள்? சப்ளையரின் ஒஃபிஸா, பெக்டரியில் பெக் பண்ணுகிற இடமா? அங்கே வேறொருவர் தன் எக்கவுண்டில் செய்து, இவர் அதற்கு ஷோர்ட்கட் போட்டிருந்தால், அனுமதி கொடுக்க வேண்டியது அந்த மற்ற ஆள். இவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் இருந்தால் இவர் எத்தனை தடவை ஷேர் பட்டனை அழுத்தினாலும் உங்களுக்குத் திறக்காது.

ஐந்துலாம்புச்சந்தி (திங்கள், மாலை 5:35)

அம்புக்குறி இருக்கிறது. இப்போதே போன் எடுக்கிறேன்.

புதுக்கடை எழுத்தர் (திங்கள், இரவு 8:05)

எனக்கும் இதே மாதிரி ஒன்று, ஆனால் கூகுள் இல்லை, மைக்ரோசாப்ட். புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் இருக்கிறேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணிகளின் நிறுவனம் உறுதிப் பத்திர வரைவை வன்ட்ரைவில் போட்டு எங்கள் மேடத்தின் மெயிலுக்கு அனுப்புகிறார்கள். மேடம் நீதிமன்றத்தில் இருப்பா, எனக்கு ஃபோர்வர்ட் பண்ணிவிடுவா. நான் திறந்தால் மின்னஞ்சல் முகவரி கேட்கிறது, என்னுடையதைக் கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. மேடத்தின் முகவரியைக் கொடுத்தால் ஒரு கோட் அனுப்பியிருக்கிறோம் என்கிறது, அந்தக் கோட் மேடத்தின் போனுக்குப் போகிறது, அவ பார்க்கும்போது அது காலாவதி. சில இடங்களிலிருந்து வரும் லிங்க் கோட் கூடக் கேட்பதில்லை, நேராகவே மறுக்கிறது.

செர்வர் அக்கா (திங்கள், இரவு 9:10)

இதற்கு நான் சொல்கிறேன், ஒரு கம்பனியில் மைக்ரோசாப்ட் 365 நிர்வாகம்தான் என் வேலை.

வன்ட்ரைவிலும் ஷெயார்பொயின்டிலும் லிங்க் எடுக்கும்போது யாருக்கு என்று ஒரு தெரிவு இருக்கிறது. யாருக்கும், எங்கள் நிறுவனத்தில் உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே அனுமதி உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட ஆட்களுக்கு. நேராக மறுக்கிற லிங்க் பெரும்பாலும் இரண்டாவது வகை. பல நிறுவனங்களில் அதைத்தான் டிஃபோல்டாக வைத்திருப்பார்கள், அனுப்புகிறவர் மாற்றாமல் கொப்பி பண்ணி வெளி ஆளுக்கு அனுப்பிவிடுவார். அந்த லிங்க்கை வைத்து நீங்கள் என்ன செய்தாலும் திறக்காது. புது லிங்க் கேளுங்கள்.

கோட் கேட்பது குறிப்பிட்ட ஆட்களுக்கான லிங்க். மெயிலை ஃபோர்வர்ட் பண்ணினால் அனுமதி கூடவே போகாது, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். உறுதி வரைவு மாதிரி ஒரு ஆவணத்துக்கு அது அப்படி இருப்பதுதான் நல்லதும். கோட்டை போனில் கேட்டு அடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மேடத்திடம் சொல்லி, அனுப்புகிற ஒஃபிஸுக்கு ஒரு வரி மெயில் போடச் சொல்லுங்கள்: என் எழுத்தரின் முகவரியையும் லிங்கில் சேருங்கள் என்று. அவர்கள் மறுக்க மாட்டார்கள், யார் பார்த்தார்கள் என்பது அவர்களுக்கும் பதிவில் இருக்கும்.

இன்னும் ஒன்று. முன்பு கோட் அடித்துத் திறந்த பழைய லிங்க் இப்போது மறுக்கிறது என்றால், மைக்ரோசாப்ட் 2025இல் அந்தப் பழைய கோட் முறையை விட்டு கெஸ்ட் எக்கவுண்ட் முறைக்கு மாறத் தொடங்கியதும் காரணமாக இருக்கலாம். அதே கோப்பைத் திரும்ப ஒருதடவை ஷேர் பண்ணச் சொன்னால் போதும்.

அப்புறம், ஒரே முகவரியில் தனிப்பட்ட மைக்ரோசாப்ட் எக்கவுண்ட் ஒன்றும் ஒஃபிஸ் எக்கவுண்ட் ஒன்றும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். லொக்இன் பண்ணும்போது "வேலை அல்லது பாடசாலை எக்கவுண்டா, தனிப்பட்டதா" என்று கேட்டால், கோப்பு எதற்கு ஷேர் பண்ணப்பட்டதோ அதை எடுக்க வேண்டும். முகவரி ஒன்றாக இருந்தாலும் அவை இரண்டு வேறு எக்கவுண்ட். சந்தேகம் என்றால் பிரைவேட் விண்டோவைத் திறந்து அதில் லிங்கைப் போட்டுப் பாருங்கள். பழைய லொக்இன் எதுவும் அங்கே இருக்காது, அதனால் யாராக உள்ளே போகிறீர்கள் என்று அது உங்களையே கேட்கும். கூகுளுக்கும் இது பொருந்தும்.

புதுக்கடை எழுத்தர் (திங்கள், இரவு 9:30)

நன்றி அக்கா. என் முகவரியைச் சேர்க்கச் சொல்வது ஏன் இவ்வளவு நாள் யாருக்கும் தோன்றவில்லை என்று தெரியவில்லை. நாளைக்குக் காலையில் மேடத்திடம் சொல்கிறேன்.

மட்டக்குளி15 (திங்கள், இரவு 10:20)

போனில் என்றால்? எனக்கு லெப்டொப்பில் திறக்கிற அதே லிங்க் போனில் திறக்காது.

அலைவரிசை (திங்கள், இரவு 10:45)

போனில் லிங்கைத் தொட்டால் ப்ரவுசருக்குப் போகாமல் ட்ரைவ் ஆப் திறக்கும், அதில் எந்த எக்கவுண்ட் தெரிவாகி இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். ஜிமெயில் ஆப்பில் நீங்கள் வேறு எக்கவுண்டில் இருந்தாலும் சரி. ஆப்பின் மேல் மூலைப் படத்தைத் தொட்டு மாற்றிவிட்டு லிங்கைத் திரும்பத் திறங்கள்.

அனுமதி இல்லை என்று வராமல், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று வந்தால் அது வேறு விஷயம். லிங்க் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம், சில வெப்மெயில்களில் நீள லிங்க் இரண்டு வரியாக உடைந்தால் முதல் வரி மட்டும்தான் நீலமாகும், மீதி சும்மா எழுத்தாக நிற்கும். அல்லது வைத்திருந்தவர் அழித்திருக்கலாம். ட்ரைவ் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும், அதற்குள் என்றால் அவரால் மீட்க முடியும்.

ஐந்துலாம்புச்சந்தி (செவ்வாய், காலை 10:05)

பெக்கிங் லிஸ்ட் திறந்துவிட்டது. அலைவரிசை சொன்னது அப்படியே, பெக்டரியில் உள்ள ஒரு பெண்பிள்ளையின் எக்கவுண்டில்தான் உண்மையான கோப்பு இருந்திருக்கிறது. சப்ளையருக்கே அது தெரியவில்லை, அந்தப் பிள்ளை இரவோடு இரவாக எங்கள் முகவரியைச் சேர்த்துவிட்டார்.

இப்போது பார்க்க முடிகிறது, பிரின்ட் எடுக்க முடியவில்லை. டவுன்லோடும் மங்கிப்போய் இருக்கிறது. எனக்கு கையில் தாள் வேண்டும்.

அலைவரிசை (செவ்வாய், காலை 10:12)

பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்கள் டவுன்லோட், பிரின்ட், கொப்பி பண்ணக் கூடாது என்று ஷேர் செட்டிங்ஸில் அந்தப் பிள்ளை வைத்திருக்கிறார். ஷேர் பெட்டியில் பற்சக்கர அடையாளத்துக்குள் அந்த டிக் இருக்கும். அதை மாற்றச் சொல்லுங்கள், அல்லது அவரே பீ.டி.எஃப். ஆக எடுத்து மெயிலில் இணைத்து அனுப்பட்டும். ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டுகிற வேலை வேண்டாம், நிறையின் இலக்கம் ஒன்று மங்கினால் கஸ்டம்ஸில் நிற்பது நீங்கள்தான்.

தெமட்டகொட நானா (செவ்வாய், காலை 11:30)

ஒரு எச்சரிக்கை எல்லாருக்கும். இந்தக் கதை நடந்துகொண்டிருக்கும்போதே எனக்கு நேற்று ஒரு மெயில் வந்தது. "உங்களுக்கு ஒரு ஷிப்பிங் ஆவணம் ஷேர் செய்யப்பட்டுள்ளது" என்று, பார்க்க அச்சு அசல் ட்ரைவ் மெயில் மாதிரி. கிளிக் பண்ணினால் அனுமதி இல்லை, உங்கள் மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கொடுத்து உறுதிப்படுத்துங்கள் என்று கேட்கிறது. மேலே முகவரிப் பட்டையைப் பார்த்தால் கூகுள் இல்லை, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு டொமைன். மகன் உடனே மூடிவிட்டான். ஆவணம் திறக்கவில்லை என்று தவிக்கிற ஆளிடம் பாஸ்வேர்ட் கேட்டால் அவர் யோசிக்காமல் கொடுப்பார், அதைத்தான் இவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

செர்வர் அக்கா (செவ்வாய், பகல் 12:15)

நானா சொன்னது மிக முக்கியம். ட்ரைவோ வன்ட்ரைவோ உங்கள் வெப்மெயில் பாஸ்வேர்டை ஒருபோதும் கேட்காது. கேட்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. பாஸ்வேர்ட் கேட்காத வகையும் உண்டு. 2017 மே மாதத்தில் கூகுள் டொக்ஸ் என்றே பெயர் வைத்த ஒரு போலி ஆப், ஷேர் மெயில் போல வந்து, உங்கள் மெயிலைப் படிக்க அனுமதி தாருங்கள் என்று உண்மையான கூகுள் பக்கத்திலேயே கேட்டது. அனுமதி கொடுத்தவர்களின் தொடர்புப் பட்டியல் முழுவதற்கும் அதே மெயில் போனது. ஒரு ஆவணத்தைப் பார்க்க எந்த ஆப்புக்கும் உங்கள் மெயிலைப் படிக்கும் அனுமதி தேவையில்லை. யாராவது பாஸ்வேர்ட் கொடுத்துவிட்டிருந்தால் உடனே மாற்றுங்கள், வெப்மெயில் செட்டிங்ஸில் உங்களுக்குத் தெரியாத ஃபோர்வர்டிங் முகவரி ஏதும் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கிளியரிங், இறக்குமதி ஒஃபிஸ்களில் அப்படி உள்ளே வந்து இருந்து, பணம் அனுப்புகிற நேரம் பார்த்து வங்கி விபரத்தை மாற்றிப் புது இன்வொய்ஸ் அனுப்புவார்கள். வங்கி விபரம் மாறியதாக மெயில் வந்தால் போன் எடுத்து, பழைய நம்பருக்கு எடுத்து, குரலைக் கேட்டு உறுதிப்படுத்திய பிறகுதான் காசு அனுப்ப வேண்டும்.

காலிவீதி6 (செவ்வாய், பகல் 12:40)

நானா, டீச்சர், நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். இன்வொய்ஸுக்கும் பிள்ளைகளின் விபரத்துக்கும் பொது லிங்க் சரிவராது, ஒத்துக்கொள்கிறேன். கலியாண மண்டப விலைப்பட்டியல், வினாத்தாள் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

ஐந்துலாம்புச்சந்தி (செவ்வாய், பிற்பகல் 3:55)

கஸ்டெக் போட்டாகிவிட்டது, பிரின்ட்டும் கிடைத்தது. எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி, அலைவரிசைக்கு விசேடமாக.

கடைசியாக ஒன்று. அந்தப் பெடியனின் எக்கவுண்டை மெசினிலிருந்து எடுத்துவிட்டால் போதும்தானே?

அலைவரிசை (செவ்வாய், மாலை 4:20)

போதாது. வெள்ளிக்கிழமை போன ரிக்வெஸ்ட் அவர் பெயரில் இன்னும் சப்ளையரிடம் நிற்கிறது. நீங்கள் இவ்வளவு தடவை போன் எடுத்ததில், யாராவது உதவி செய்கிறோம் என்று அதற்கும் அனுமதி கொடுத்துவிட்டால் கஸ்டமரின் இன்வொய்ஸ் உங்களிடம் வேலை செய்யாத ஒருவருக்குத் திறக்கும். சப்ளையரிடம் ஷேர் லிஸ்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அந்த ஜிமெயில் அதில் இருந்தால் நீக்கவும், ரிக்வெஸ்ட்டை மறுக்கவும் சொல்லுங்கள். பெக்டரிப் பிள்ளையிடமும் கேளுங்கள். பெடியனுக்கும் ஒரு மெசேஜ் போட்டு, அவருடைய எக்கவுண்ட் இவ்வளவு நாளும் உங்கள் மெசினில் திறந்திருந்தது என்று சொல்லுங்கள், அவர் கூகுள் எக்கவுண்ட் செட்டிங்ஸில் உள்ள சாதனப் பட்டியலில் அந்த மெசினை லொக் அவுட் பண்ணி, பாஸ்வேர்டையும் மாற்றிக்கொள்ளட்டும்.

ஐந்துலாம்புச்சந்தி (செவ்வாய், மாலை 5:30)

சப்ளையர் பார்த்தார். லிஸ்டில் பெடியன் இல்லை, ரிக்வெஸ்ட் மட்டும் நின்றது, மறுத்துவிட்டார். பெடியனுக்கும் சொல்லியாயிற்று, பாஸ்வேர்ட் மாற்றிவிட்டு இப்போதுதான் பதில் போட்டான்.